ஜெனரல் சைக்காலஜிய மெமரி சாப்டர்ல இருந்து ஆரம்பிங்க: ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு முழு வழிகாட்டி

எங்க சித்தி பொண்ணு இந்த வருஷம் சென்னைல பி.எஸ்சி சைக்காலஜி சேர்ந்திருக்கா. சேர்ந்து மூணாவது நாளே ஃபோன். "அக்கா, புக்க தொறந்தா மொத சாப்டரே ஜெர்மனி, வுண்ட், ஸ்ட்ரக்சுரலிசம்னு போகுது, நான் மனுஷங்கள புரிஞ்சிக்கலாம்னுதான வந்தேன், இது ஹிஸ்டரி பீரியட் மாதிரி இருக்கே"ன்னு ஒரே புலம்பல். நானும் இதே புலம்பல் புலம்பினவதான், ஃபர்ஸ்ட் இன்டர்னல்ல ஜெராக்ஸ் கடை நோட்ஸ மனப்பாடம் பண்ணி எழுதி வாங்கின மார்க்க இங்க சொல்ல வேணாம். அப்புறம் ஒரு வழி புடிபட்டுச்சு, அது இல்லன்னா நான் எம்.எஸ்சி வரைக்கும் போயிருக்கவே மாட்டேன். அவளுக்கு ரெண்டு மூணு வாரமா ஃபோன்ல சொன்னத எல்லாம் இங்க ஒரே இடத்துல போடுறேன், மத்தவங்களுக்கும் ஆகும்ல.

தமிழ்நாட்டு காலேஜ்கள மனசுல வச்சுதான் எழுதுறேன். ஸ்டேட் போர்டுல படிச்ச பெரும்பாலான பசங்க பிளஸ் டூ வரைக்கும் சைக்காலஜி புக்க கண்ணால கூட பாத்திருக்க மாட்டாங்க, அதனால எல்லாருக்கும் ஏறக்குறைய சைபர்ல இருந்துதான் ஆரம்பம், பயப்பட வேணாம். பல காலேஜ்ல பிளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் சேரலாம், சிலது பயாலஜி கேக்கும், அப்ளிகேஷன் போடுறப்பவே பாத்துக்கோங்க.

மொதல்ல என்ன இல்லன்னு தெரிஞ்சிக்கணும்

நீங்க சைக்காலஜி சேர்ந்தது தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் ஒரு மாமா வந்து "நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன் சொல்லு பாப்போம்"னு கேப்பாரு. "சாப்பாடு எப்ப போடுவாங்கன்னு நினைக்கிறீங்க"ன்னு சொல்லிடுங்க, பத்துக்கு எட்டு தடவ சரியா இருக்கும். ஆனா உங்களுக்குள்ளயும் அந்த மாமா கொஞ்சம் இருப்பாரு. முகத்த பாத்து பொய்ய கண்டுபிடிக்கிறது, கையெழுத்த வச்சு கேரக்டர் சொல்றது, லெஃப்ட் பிரெய்ன் ரைட் பிரெய்ன் ஆளுங்க, மூளைல 10 சதவீதம்தான் யூஸ் பண்றோம்னு யூடியூப்ல பாத்தது எல்லாம் தலைல உக்காந்திருக்கும். அதுல முக்கால்வாசிய இந்த பேப்பர் ஒடைச்சு போடும். ஜெனரல் சைக்காலஜிங்கறது ஒரு அறிமுக பேப்பர், பெரும்பாலும் ரெண்டு செமஸ்டரா பிரிச்சிருப்பாங்க. ஹிஸ்டரி, ஆராய்ச்சி முறை, மூளை நரம்பு, சென்சேஷன் பெர்செப்ஷன், தூக்கம், லேர்னிங், மெமரி எல்லாம் முன்னாடி வரும், அப்புறம் திங்கிங், இன்டெலிஜென்ஸ், மோட்டிவேஷன், எமோஷன், பெர்சனாலிட்டி. காலேஜுக்கு காலேஜ் வரிசை மாறும், சரக்கு மாறாது.

டிப்ரஷன், ஸ்கிசோஃப்ரீனியா எல்லாம் எப்ப வரும்னு கேக்காதீங்க. அது அப்நார்மல் சைக்காலஜி, பின்னாடி செமஸ்டர்ல தனி பேப்பரா வரும். மொத மனுஷ மனசு ஒழுங்கா எப்படி ஓடுதுன்னு தெரியாம அது எங்க மக்கர் பண்ணுதுன்னு எப்படி பாக்குறது? வண்டி மெக்கானிக் கிட்ட போய் கேளுங்க, அவரும் அதேதான் சொல்லுவாரு.

சிலபஸ் வரிசைய ஓரமா வச்சிட்டு மெமரி சாப்டர மொதல்ல படிங்க

நான் சொல்றதுலயே முக்கியமான விஷயம் இதுதான், மத்தது எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் பரவால்ல. உலகத்துல எந்த சப்ஜெக்ட்டும் தன்னைய எப்படி படிக்கணும்னு தன் புக்குக்குள்ளயே எழுதி வச்சிருக்காது, சைக்காலஜி வச்சிருக்கு. ஆனா மொத செமஸ்டர் சிலபஸ்லயே அந்த சாப்டர் கடைசி பக்கம் எங்கயோ கெடக்கும், அத படிக்கிற நேரத்துல பாதி செமஸ்டர் போயிருக்கும், அதுவரைக்கும் தப்பு தப்பா படிச்சிட்டு இருப்போம். அதனால கிளாஸ்ல ஹிஸ்டரி ஓடட்டும், நீங்க மொத வாரமே வீட்டுல மெமரி சாப்டர எடுங்க.

அதுல ஹெர்மன் எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் வருவாரு. 1885ல அவரோட ஆராய்ச்சிய புத்தகமா போட்டாரு. ஆராய்ச்சிக்கு ஆள் யாருன்னா அவரே தான், வேற யாரும் கெடையாது. அர்த்தமே இல்லாத மூணெழுத்து அசைகள லிஸ்ட் லிஸ்ட்டா மனப்பாடம் பண்ணி, கொஞ்ச நேரம் கழிச்சு அதே லிஸ்ட்ட மறுபடி மனப்பாடம் பண்ண எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு கணக்கு போட்டாரு. 20 நிமிஷம் கழிச்சு பாத்தா 58 சதவீதம் மிச்சம், 1 மணி நேரத்துல 44, ஒரு நாள் ஆனா 34, 31 நாள் கழிச்சு 21. இந்த நம்பர்கள நல்லா பாருங்க, மொத ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல காலி, ஆனா முதல் நாளுக்கும் ஒரு மாசத்துக்கும் நடுவுல போறது கொஞ்சம் தான். அதாவது மறதி ஆரம்பத்துல தடதடன்னு எறங்கி அப்புறம் மெதுவாகுது. அப்போ ரிவிஷன் எப்ப பண்ணனும்? பரீட்சைக்கு முந்துன நாள் ராத்திரி இல்ல, கிளாஸ் நடந்த அன்னைக்கு சாயங்காலம்.

அடுத்தது ரோடிகர், கார்பிக்கே ரெண்டு பேரும் 2006ல வெளியிட்ட ஆராய்ச்சி. காலேஜ் பசங்கள ஒரு பத்திய படிக்க சொன்னாங்க, ஒரு கூட்டம் மறுபடி அதையே படிச்சுது, இன்னொரு கூட்டம் புக்க மூடிட்டு ஞாபகம் வந்தத எழுதி பாத்துது. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வச்சப்போ மறுபடி படிச்சவங்க 81 சதவீதம், எழுதி பாத்தவங்க 75, அதாவது மனப்பாட கோஷ்டிதான் ஜெயிச்சுது. ஒரு வாரம் கழிச்சு வச்சாங்க, இப்ப எழுதி பாத்தவங்க 56, மறுபடி படிச்சவங்க 42. தலைகீழ். மார்க்கர வச்சு கலர் கலரா அடிச்சு திருப்பி திருப்பி படிக்கிறப்போ "எல்லாம் தெரியுது"ன்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, அது அந்த அஞ்சு நிமிஷ நெனப்பு, பரீட்சை ஹால்ல அது கூட வராது.

இத வச்சு நான் பண்ணது சொல்றேன். கிளாஸ் நடந்த அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வெள்ளத்தாள் எடுத்து, புக் நோட்டு எதுவும் தொறக்காம, இன்னைக்கு நடத்துனது என்ன ஞாபகம் இருக்கோ கிறுக்குவேன், பத்து நிமிஷம் போதும். அப்புறம் புக்க தொறந்து விட்டுப்போனத சிவப்பு பேனால எழுதுவேன். மூணு நாள் கழிச்சு இன்னொரு வெள்ளத்தாள், அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொன்னு, மாச கடைசில இன்னொன்னு. சிவப்பு கொறஞ்சிக்கிட்டே வரும். மொத ரெண்டு வாரம் கடுப்பா இருக்கும், தாள் காலியா முழிக்கும், "எனக்கு ஒண்ணுமே ஏறல"ன்னு தோணும். அந்த கஷ்டம் தான் வேலை செய்யுது, விட்டுடாதீங்க.

மெமரி சாப்டர்ல மில்லரோட 1956 கட்டுரையும் வரும், ஏழு கூட்டல் கழித்தல் ரெண்டுன்னு. ஒரே நேரத்துல அவ்வளவு துண்டு தான் புடிச்சு வச்சிக்க முடியும், ஆனா துண்டுகள சேத்து பெரிய துண்டா கட்டிக்கலாம். பத்து இலக்க மொபைல் நம்பர நாம மூணு நாலா ஒடைச்சு சொல்றோம்ல, அதே கதை தான். புக்ல ஒரு பக்கத்துல பதினஞ்சு பாயின்ட் இருந்தா அத மூணு மூட்டையா கட்டிக்கோங்க.

ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரே கேள்வி: இவங்களுக்கு எப்படி தெரியும்?

சைக்காலஜி புக்ல ஒரு ஆபத்து இருக்கு. படிச்சா எல்லாமே "அட ஆமால்ல"ன்னு தோணும், ஏன்னா அது நம்மள பத்தினது. கெமிஸ்ட்ரி படிக்கிறப்போ அப்படி தோணாது. அதனால ஒவ்வொரு பாராவுலயும் நிறுத்தி, இத எப்படி கண்டுபுடிச்சாங்க, யார வச்சு பாத்தாங்க, எத்தன பேரு, வேற காரணம் இருக்கலாமான்னு கேளுங்க. ரிசர்ச் மெத்தட்ஸ்னு போரடிக்கிற சாப்டர் ஒண்ணு இருக்கும், அது முழுக்க இந்த ஒரு கேள்விதான், பெயர் தான் இன்டிபென்டன்ட் வேரியபிள் டிபென்டன்ட் வேரியபிள்னு மெரட்டும்.

லாஃப்டஸ், பாமர்னு ரெண்டு பேரு 1974ல பண்ணத எடுத்துக்கோங்க. கார் விபத்து வீடியோவ பசங்களுக்கு போட்டு காட்டிட்டு வண்டி எவ்வளவு வேகத்துல போச்சுன்னு கேட்டாங்க. ஒரு கூட்டத்துக்கு "நொறுங்குற மாதிரி மோதினப்போ"ங்கற வார்த்தை, இன்னொரு கூட்டத்துக்கு "தொட்டுக்கிட்டப்போ"ங்கற வார்த்தை. அதே வீடியோ தான். மொத கூட்டம் மணிக்கு கிட்டத்தட்ட 41 மைல்னு சொல்லுச்சு, ரெண்டாவது கூட்டம் 32னு. இதுல மாத்தினது என்ன? கேள்வில இருந்த ஒரு வார்த்தை, அது இன்டிபென்டன்ட். அளந்தது என்ன? அவங்க சொன்ன வேகம், அது டிபென்டன்ட். எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சது வீடியோ, அது கன்ட்ரோல். இப்படி ஒரு சோதனைய ஒடைச்சு எழுத தெரிஞ்சிட்டா மெத்தட்ஸ் சாப்டர்ல பாதி முடிஞ்சிது, மெமரி சாப்டர்லயும் ஒரு பெரிய கேள்வி முடிஞ்சிது.

இன்னொன்னு, புக்ல இருக்கிறதெல்லாம் வேதவாக்கு இல்ல. 2015ல ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் கூட்டம் ஏற்கனவே பெரிய ஜர்னல்கள்ல வந்த 100 சைக்காலஜி ஆராய்ச்சிகள மறுபடி பண்ணி பாத்துச்சு, அதுல 36 சதவீதத்துல தான் புள்ளிவிவரப்படி தெளிவான ரிசல்ட் திரும்பவும் வந்துச்சு. 1971ல காலேஜ் பசங்கள காவலர், கைதின்னு பிரிச்சு நடிக்க வச்ச ஸ்டான்ஃபோர்ட் ஜெயில் சோதனைய பத்தி சினிமா மாதிரி கதை சொல்லுவாங்க, ஆனா காவலர்களா நடிச்ச பசங்க கிட்ட கடுமையா நடந்துக்க சொல்லி தூண்டினாங்கன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. இத ஆன்சர் ஷீட்ல ஒரு வரி சேத்து எழுதுனா பேப்பர் திருத்துறவங்க நிமிந்து உக்காருவாங்க. நம்பிக்கை போயிடுச்சேன்னு வருத்தப்படாதீங்க, தன் தப்ப தானே எண்ணி பாத்த சப்ஜெக்ட்டுன்னு எனக்கு அப்பதான் இது மேல மரியாதையே வந்துச்சு.

இப்ப அந்த ஹிஸ்டரிய முடிச்சிடலாம்

வில்ஹெல்ம் வுண்ட், ஜெர்மனில லைப்சிக், 1879, மொத சைக்காலஜி லேப். இது கேக்காத பரீட்சையே கெடையாது. மனச துண்டு துண்டா பிரிச்சு பாக்கணும்னு டிச்சனர் கூட்டம் (அந்த ஸ்ட்ரக்சுரலிசம் இது தான்), மனசு எதுக்கு பயன்படுதுன்னு பாருங்கன்னு வில்லியம் ஜேம்ஸ் கூட்டம், மனச பத்தி பேசவே வேணாம் நடத்தைய மட்டும் அளக்கலாம்னு 1913ல வாட்சன், முழுசா பாக்காம துண்டு துண்டா பாத்தா ஒண்ணும் புரியாதுன்னு கெஸ்டால்ட்காரங்க, எல்லாத்துக்கும் அடில நமக்கே தெரியாத ஒண்ணு கெடக்குன்னு ஃப்ராய்ட். இத தேதிவாரியா படிக்காம, ஒவ்வொருத்தரும் முன்னாடி ஆள் கூட போட்ட சண்டையா படிங்க, ஞாபகம் நிக்கும். நம்ம ஊர்ல 1916லயே கல்கத்தா பல்கலைக்கழகத்துல துறை வந்துடுச்சு, சென்னை பல்கலைக்கழகத்துல 1943ல. அவ்வளவு தான், அடுத்த சாப்டர்.

மூளை சாப்டர்: ஆள புடிங்க, பாகம் தானா வரும்

ஆர்ட்ஸ் குரூப்ல இருந்து வர்றவங்க அழுவுற எடம் இது. ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, ஹைப்போதலாமஸ்னு பட்டியல் போட்டு படிச்சா நிச்சயம் குழம்பும். நான் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மனுஷன ஒட்டி வச்சேன். நெத்திக்கு பின்னாடி இருக்கிற ஃப்ரன்டல் லோபுக்கு ஃபினியாஸ் கேஜ், 1848ல அமெரிக்கால ரயில் பாதை வேலை, பாறைய வெடி வச்சு ஒடைக்கிறப்போ ஆறு கிலோ இரும்பு கம்பி ஒண்ணு கன்னத்து வழியா பூந்து மண்டை வழியா வெளிய போயிடுச்சு, ஆள் பொழச்சுக்கிட்டாரு, ஆனா குணம் மாறிடுச்சுன்னு டாக்டர் எழுதி வச்சாரு. புக்ல அதோட நிறுத்திடுவாங்க. அவரு அப்புறம் சிலி நாட்டுல குதிரை வண்டி ஓட்டி பொழச்சாருங்கறத சொல்ல மாட்டாங்க, ஆறு குதிரைய கட்டி மேய்க்கிற வேலைய சுத்தமா சீர்கெட்ட மனுஷன் பண்ண முடியாதுல்ல. பேச்சுக்கு ப்ரோகாங்கற டாக்டர், 1861ல அவருகிட்ட வந்த நோயாளிக்கு "டான்"ங்கற ஒரே சத்தம் தான் வாயில வரும், ஆனா அடுத்தவங்க பேசுறது புரியும்.

ஹிப்போகேம்பஸுக்கு ஹெச்.எம்.னு எழுத்த மட்டும் வச்சு புக்ல சொல்ற ஒரு நோயாளி. வலிப்பு நோய்க்காக 1953ல, 27 வயசுல ஆபரேஷன் பண்ணி மூளையோட ரெண்டு பக்கத்துலயும் அந்த பகுதிய எடுத்தாங்க. வலிப்பு கொறஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் நடந்த எந்த புது சம்பவமும் அவரு மனசுல தங்கல. தினமும் பாக்குற ஆளுகிட்ட தினமும் புதுசா அறிமுகம். 2008ல சாகுற வரைக்கும் அப்படித்தான். இவர ஞாபகம் வச்சிக்கோங்க, பிராக்டிகல்ல திரும்பி வருவாரு.

நியூரான், அதாவது நரம்பு செல், படம் போட கத்துக்கோங்க, ஆக்சான், டென்ட்ரைட், சினாப்ஸ், அம்பு குறி போட்டு. கிட்டத்தட்ட 8,600 கோடி நியூரான் நம்ம தலைக்குள்ள இருக்கு, ஒண்ணு வரைஞ்சா போதும்.

லேர்னிங்ல எல்லாரும் வழுக்கி விழுற எடம்

பாவ்லோவ் நாய் எல்லாருக்கும் தெரியும், சாப்பாடு போடுறப்போ கூடவே ஒரு சத்தம் குடுத்து பழக்குனா, அப்புறம் சத்தம் கேட்டாலே எச்சி ஊறும். அவருக்கு 1904ல நோபல் கெடச்சது செரிமான ஆராய்ச்சிக்கு, நாய் எச்சி ஊறுன கதை அதுல கெளையா வந்தது. அன்கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ், கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ்னு நாலு பெயர் இருக்கு, அத உங்க வாழ்க்கைல இருந்து எடுத்து எழுதி பாருங்க. எனக்கு பல் டாக்டர் கிளினிக்ல அந்த மிஷின் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கும். வலி தான் அன்கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ், சத்தம் கண்டிஷன்ட், வேர்வை கண்டிஷன்ட் ரெஸ்பான்ஸ். சொந்த உதாரணம்னா மறக்காது, புக்ல இருக்கிற உதாரணத்த ஹால்ல நூறு பேரும் எழுதுவாங்க.

ஆபரன்ட் கண்டிஷனிங்ல, அதாவது பண்ணதுக்கு கெடைக்கிற விளைவ வச்சு கத்துக்கிறதுல, நெகடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு ஒண்ணு வரும், அத தண்டனைன்னு எழுதிட்டு வர்றவங்க ஒவ்வொரு வருஷமும் கிளாஸ்ல பாதி பேரு இருப்பாங்க, நானும் எழுதியிருக்கேன். பாசிடிவ்னா நல்லதும் இல்ல நெகடிவ்னா கெட்டதும் இல்ல, ஒண்ணு சேக்கிறது, இன்னொன்னு எடுக்கிறது, கூட்டல் கழித்தல் மாதிரி. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா அந்த நடத்தை இன்னும் கூடும், பனிஷ்மென்ட்னா கொறையும். மளிகைக் கடைல குழந்தை சாக்லேட்டுக்காக தரைல உருண்டு அழுவுது, அம்மா மானம் போகுதேன்னு வாங்கி குடுத்துடுறாங்க, அழுகை நின்னுடுது. இதுல குழந்தைக்கு சாக்லேட் கெடச்சது, அடுத்த தடவயும் அழும், அது பாசிடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். அம்மாவுக்கு? காது கிழியிற அழுகை போச்சு, அடுத்த தடவயும் வாங்கி குடுப்பாங்க, அது நெகடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். ஹெல்மெட் போடலன்னு ஃபைன் வாங்குனா காசு எடுக்கப்படுது, ஹெல்மெட் போடாம போறது கொறையுது, அது நெகடிவ் பனிஷ்மென்ட். இந்த மூணையும் ஒரு கட்டமா போட்டு நாலாவது கட்டத்த நீங்களே ரொப்புங்க.

ஷெட்யூல்ஸ்ல, அதாவது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் எப்பெப்ப கெடைக்குங்கற கணக்குல, வேரியபிள் ரேஷியோ மட்டும் நல்லா புரிஞ்சிக்கோங்க, எப்ப கெடைக்கும்னு தெரியாம திருப்பி திருப்பி பண்றது. ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போறீங்கள்ல, அது தான்.

மத்த சாப்டர்கள வேகமா சொல்லிடுறேன். பெர்செப்ஷன்ல வீபர் விதி வரும், கையில அரை கிலோ பைய வச்சிட்டு கூட நூறு கிராம் போட்டா தெரியும், 25 கிலோ அரிசி மூட்டைல நூறு கிராம் போட்டா தெரியாது, இத ஒரு வரில வச்சிக்கோங்க. எமோஷன்ல ஜேம்ஸ் லாங்கே, கேனன் பார்ட், ஷாக்டர் சிங்கர்னு மூணு தியரியையும் ஒரே தெரு நாயை வச்சு எழுதுங்க, ஓடுறதால பயமா, பயமும் ஓட்டமும் ஒண்ணா வருதா, நெஞ்சு படபடப்ப பாத்து "ஓ இது பயம்"னு பேரு வைக்கிறோமா. மோட்டிவேஷன்ல மனுஷ தேவைகள அடுக்கடுக்கா காட்டுற மாஸ்லோ முக்கோணத்த கார்ப்பரேட் ட்ரெயினிங் வரைக்கும் இழுத்துட்டு போயிட்டாங்க, அவரோட 1943 கட்டுரைல முக்கோணமே கெடையாது. இன்டெலிஜென்ஸ்ல 1905ல பினே எதுக்கு டெஸ்ட் செஞ்சாருன்னு பாருங்க, ஸ்கூல்ல கூடுதல் உதவி தேவைப்படுற பிள்ளைங்கள கண்டுபுடிக்கத்தான், யாரு அறிவாளின்னு பட்டம் குடுக்க இல்ல.

இங்கிலீஷ் பயம், புக்கு, பரீட்சை

தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு டிப்ஸ். பி.எட் படிக்கிறவங்களுக்கும் டெட் எழுதுறவங்களுக்கும் கல்வி உளவியல்னு தமிழ்ல புக்கு கெடைக்கும், லேர்னிங், மெமரி, இன்டெலிஜென்ஸ், மோட்டிவேஷன் எல்லாம் அதுல இருக்கும். மொத அதுல கதைய புரிஞ்சிக்கிட்டு அப்புறம் இங்கிலீஷ் புக்குக்கு போங்க. ஆக்கநிலையிறுத்தல் (கண்டிஷனிங்), வலுவூட்டல் (ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்), புலன்காட்சி (பெர்செப்ஷன்)னு வார்த்தை இருக்கும், ஒரு சின்ன நோட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சிக்கோங்க. என்சிஇஆர்டி பதினொண்ணு பன்னெண்டாவது சைக்காலஜி புக்கு நெட்ல இலவசம், மொழியும் எளிமை, அத ஒரு தடவ ஓட்டிட்டு காலேஜ் டெக்ஸ்ட்புக்குக்கு வந்தா பாதி பயம் போயிடும். ஓப்பன்ஸ்டாக்ஸ்னு ஒரு அமைப்பு முழு டெக்ஸ்ட்புக்கையே இலவசமா போட்டிருக்கு. அதனால புது புக்கு வாங்க அவசரப்படாதீங்க, சீனியர் கிட்ட பழசு கேளுங்க.

பெரும்பாலும் 25 இன்டர்னல், 75 எக்ஸ்டர்னல். பெரிய கேள்விக்கு நான் எழுதுற வரிசை: அர்த்தம் ரெண்டு வரி, யாரு எப்படி கண்டுபுடிச்சாங்கன்னு ஒரு சோதனை, ஒரு படம் இல்ல கட்டம், சொந்த உதாரணம், இதுல குறை என்னன்னு ரெண்டு வரி. கடைசி ரெண்டு வரிய யாருமே எழுத மாட்டாங்க, மார்க் அங்க தான் இருக்கு.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் பக்கத்துலயே வரும், மேத்ஸுக்கு பயந்து சைக்காலஜிக்கு ஓடி வந்தவங்களுக்கு இது தான் ஆப்பு. ஃப்ரெண்ட்ஸ் பத்து பேரு நேத்து எத்தன மணி நேரம் தூங்குனாங்கன்னு கேட்டு மீன், மீடியன், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கையாலயே போடுங்க, அது தான் பிராக்டிஸ். கோரிலேஷன்னா காரணம்னு அர்த்தம் இல்ல, மே மாசத்துல தர்பூசணி வியாபாரமும் ஏறுது கரன்ட் பில்லும் ஏறுது, தர்பூசணி கரன்ட்ட குடிக்கல, வெயில் தான் ரெண்டையும் ஏத்துது.

டாக்டர் ஆயிட்ட மாதிரி ஒரு காய்ச்சல் வரும்

மொத செமஸ்டர் முடியறதுக்குள்ள உங்க அப்பாவுக்கு ஓசிடி, ஃப்ரெண்டுக்கு பைபோலார், உங்களுக்கு ஏடிஹெச்டின்னு முத்திரை குத்த கை துறுதுறுன்னு வரும். வீட்டுல அம்மா துணிய ரெண்டு தடவ அலசுனதுக்கு நான் ஒரு தியரி சொல்லி வாங்கி கட்டிக்கிட்டேன், அன்னைக்கு ராத்திரி தோசை கெடைக்கல. யாருக்காச்சும், உங்களுக்கே கூட, நெஜமாவே தாங்க முடியலன்னா காலேஜ் கவுன்சலர் கிட்ட போங்க, இல்ல 14416க்கு ஃபோன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, இலவசம், தமிழ்லயே பேசலாம். சைக்காலஜி படிக்கிறவங்க அங்க பேசக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

பி.எஸ்சி முடிச்சதும் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியுமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. முடியாது. சைக்கியாட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல படிச்ச டாக்டர், மருந்து எழுதறவங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு முடிச்சு பதிவு பண்ணியிருக்கணும், 1992 ஆர்சிஐ சட்டமும் 2017 மனநல பராமரிப்பு சட்டமும் இத பத்தி தெளிவா பேசுது. ரொம்ப வருஷமா அதுக்கு எம்.ஏ இல்ல எம்.எஸ்சிக்கு மேல ரெண்டு வருஷ எம்.ஃபில் தான் வழி, இப்ப அந்த கோர்ஸ்கள மாத்திக்கிட்டு வர்றாங்க, அதனால சேர்றப்போ ஆர்சிஐ வெப்சைட்ல அந்த காலேஜ், அந்த கோர்ஸ் பெயர் இருக்கான்னு நீங்களே பாருங்க, அட்மிஷன் ஆபீஸ்ல சொல்ற வாய் வார்த்தைய நம்பாதீங்க. டிஸ்டன்ஸ்ல படிச்சிடலாம்னு நினைச்சவங்களுக்கு, 2025 ஜூலை ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து டிஸ்டன்ஸ், ஆன்லைன் வழியா சைக்காலஜி நடத்தக்கூடாதுன்னு யூஜிசி நிறுத்திடுச்சு. கிளினிக்கல் மட்டும் தான் வழின்னும் இல்ல, ஸ்கூல் கவுன்சலிங், ஹெச்.ஆர், யூஎக்ஸ் ரிசர்ச், சோஷியல் வொர்க் பக்கம் போனவங்க என் பேட்ச்லயே இருக்காங்க.

கடைசியா பிராக்டிகல், எனக்கு புடிச்சதால மிச்சம் வச்சது

எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி லேப்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும், ஒருத்தர் எக்ஸ்பெரிமென்டர், இன்னொருத்தர் சப்ஜெக்ட், அப்புறம் மாத்திக்கணும். முல்லர் லையர் பலகை இருக்கும், கோட்டோட ரெண்டு பக்கமும் அம்பு முனை வெளிய பாத்தா கோடு சின்னதா தெரியும், உள்ள பாத்தா பெருசா தெரியும், தெரிஞ்சிருந்தும் கண்ணு ஏமாறும். ஸ்ட்ரூப் சோதனைய வீட்டுலயே தமிழ்ல பண்ணலாம், "பச்சை"ங்கற வார்த்தைய சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதி, "நீலம்"ங்கறத மஞ்சள்ல எழுதி, எழுத்த படிக்காம கலர மட்டும் சொல்ல சொல்லுங்க, தடுமாறுவாங்க. இன்னும் தமிழ் படிக்க தெரியாத சின்ன பிள்ளைய வச்சு பண்ணி பாருங்க, அது தடுமாறாது, ஏன்னு யோசிச்சா அட்டென்ஷன் சாப்டர் பாதி முடிஞ்சிது.

சப்ஜெக்ட்டுக்கு இன்ஸ்ட்ரக்ஷன எழுதி வச்சு படிச்சு சொல்லுங்க, ஆளுக்கு ஆள் மாத்தி சொன்னா டேட்டா கெட்டுடும். ரிசல்ட் புக்ல இருக்கிற மாதிரி வரலன்னா நம்பர மாத்தி எழுதாதீங்க. எங்க லேப்ல ஒரு பையன் பக்கத்து ஆளோட டேபிள அப்படியே காப்பி அடிச்சிட்டான், வைவால "உங்க சப்ஜெக்ட் மூணாவது ட்ரையல்ல ஏன் இவ்வளவு தப்பு பண்ணாரு"ன்னு கேட்டப்போ முழிச்சான். வராததுக்கு என்ன காரணம் இருக்கலாம்னு டிஸ்கஷன்ல எழுதுனா அதுக்கே மார்க் உண்டு. ரெக்கார்ட் நோட்ட அந்தந்த வாரமே சைன் வாங்கிடுங்க, மாச கடைசில லைன்ல நிக்கிறது நரகம்.

மிரர் டிராயிங்னு ஒண்ணு வரும். ரெட்ட கோடு போட்ட நட்சத்திரம், கைய நேரா பாக்க முடியாம ஒரு தடுப்பு, கண்ணாடில பாத்துக்கிட்டே கோட்டுக்கு நடுவுல பென்சில் ஓட்டணும். மொத தடவ கை எதிர் பக்கம் இழுக்கும், சப்ஜெக்ட் கெட்ட வார்த்தை பேசுவாங்க, அஞ்சாறு தடவைல நேரமும் தப்பும் குறைஞ்சிக்கிட்டே வரும். 1950கள்ல ஹெச்.எம்முக்கு இதே நட்சத்திரத்த பிரெண்டா மில்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் குடுத்தாங்க, மூணு நாள், மொத்தம் 30 தடவ. ஒவ்வொரு நாளும் அவருக்கு இதுக்கு முன்னாடி இத பண்ணதே ஞாபகம் இல்ல, ஆனா கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கிட்டே வந்துச்சு. நடந்தத ஞாபகம் வச்சிக்கிற மெமரி வேற, கைப்பழக்கம் வேறன்னு உலகத்துக்கு தெரிஞ்சது அப்படித்தான்.

இத சொன்ன அடுத்த வாரமே சித்தி பொண்ணு ஃபோட்டோ அனுப்பினா, அவளோட மொத ட்ரையல் நட்சத்திரம், கோழி கிளறுன மாதிரி இருந்துச்சு. கீழ ரெக்கார்ட்ல சிவப்பு பேனால "ஹெச்.எம். இத விட நல்லா போட்டிருப்பாரு"ன்னு எழுதி வச்சிருக்கா. சைன் வாங்குறதுக்கு முன்னாடி அத அழிச்சிடுன்னு மட்டும் சொன்னேன்.